குமிழைத் திருகினால் குற்றமா?

ஆம்ப்ளிஃபயர் உலகில் ஒரு வேடிக்கை உண்டு. விலை ஏற ஏற முன்பக்கத்துக் குமிழ்கள் குறையும். திருப்பூரிலோ பல்லடத்திலோ ரேடியோ மெக்கானிக் கையால் பூட்டிக் கொடுக்கும் ‘அசெம்பிள் செட்’டில் வால்யூம், பேஸ், ட்ரெபிள், பேலன்ஸ் என்று நான்கு குமிழாவது இருக்கும். மைக் செருக ஒரு துளை வைத்திருந்தால் எக்கோவுக்கு இன்னொன்று. பெருநகர ஷோரூமில் லட்ச ரூபாய்க்கு மேல் விலை போட்டிருக்கும் ஆம்ப்ளிஃபயரைப் பாருங்கள். பல நேரம் வால்யூம் திருகு ஒன்று, பாட்டு எந்தக் கருவியிலிருந்து வர வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் திருகு ஒன்று, அவ்வளவுதான். பேஸ், ட்ரெபிள் இருக்கிற மாடல்களில்கூட அந்தச் சுற்றையே தாண்டிப் போக ‘டைரக்ட்’ என்றொரு பொத்தான் வைத்திருப்பார்கள். அதை அழுத்தாமல் பாட்டுக் கேட்பவரை ஹை-ஃபை பிரியர்கள் சிலர் பரிதாபமாகப் பார்ப்பது வழக்கம்.

அவர்கள் கட்சி இது. பாட்டை உருவாக்கியவர் எதைக் கேட்டு ‘சரி’ என்றாரோ, அது கூடாமல் குறையாமல் வீட்டில் ஒலிக்க வேண்டும். 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை எந்த அதிர்வெண்ணுக்கும் சலுகை காட்டாத கருவிதான் நல்ல கருவி. அளந்து பார்த்தால் அதன் வரைபடம் மேடுபள்ளமில்லாத ஒரே கோடாக, ‘ஃப்ளாட்’டாக இருக்கும். குமிழைத் திருகினால் அந்தக் கோடு வளைகிறது. வளைந்தபின் நீங்கள் கேட்பது வேறு பாட்டு.

திருப்பூரின் கட்சி வேறு. பனியன் கம்பெனித் தையல் பிரிவில் ஓவர்லாக்கும் ஃபிளாட்லாக்கும் வரிசையாக ஓடும்போது கூடவே பாட்டும் ஓடும். ஸ்பீக்கரை மாட்டியவர் முதல் வேலையாக பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றிவிடுவார். மெஷின் சத்தத்தை மீறிப் பாட்டு வந்தாக வேண்டுமே. மினி பஸ்ஸிலும் அதே கதை. நாளெல்லாம் அப்படிக் கேட்டுப் பழகிய காது வீட்டுக்கு வந்ததும் அதே ஒலியைத்தான் தேடுகிறது.

இந்த வழக்கில் எனக்கு ஒரு சாய்வு உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்பீக்கர் நடுநிலையாக இருக்க வேண்டும். கேட்பவர் நடுநிலையாக இருக்க வேண்டியதில்லை. ஏன் என்று விளக்க, அந்தக் குமிழுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இன்று புழக்கத்தில் இருக்கும் பேஸ்-ட்ரெபிள் சுற்றுகளில் பெரும்பாலானவை பீட்டர் பாக்ஸண்டால் என்ற ஆங்கிலேயப் பொறியாளரின் வாரிசுகள். ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழின் 1952 அக்டோபர் வெளியீட்டில் அவர் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தவை. அதற்கு முன் புழங்கிய எளிய சுற்றுகள் பேஸைக் கூட்டுவதுபோல் பாவனை செய்தன. உண்மையில் மொத்த ஒலியையும் குறைத்துவிட்டு, பேஸை மட்டும் கொஞ்சம் குறைவாகக் குறைத்தன. இழந்ததை மீட்க இன்னொரு பெருக்கி தேவைப்பட்டது. பாக்ஸண்டால் குமிழ்களைப் பின்னூட்டப் பாதைக்குள் கொண்டுபோய் வைத்தார். பெருக்கியின் வெளியீட்டில் ஒரு பங்கைத் தலைகீழாகத் திருப்பி உள்ளீட்டோடு சேர்த்தால், உள்ளே வரும் பாதையின் தடைக்கும் திரும்பும் பாதையின் தடைக்கும் உள்ள விகிதமே பெருக்கத்தைத் தீர்மானிக்கும். குமிழ் நடுவில் நிற்கும்போது இரு தடையும் சமம். போனது போனபடியே வெளியே வரும். வலப்பக்கம் திருகினால் உள்ளே வரும் தடை குறைந்து திரும்பும் தடை கூடும், ஒலி ஏறும். இடப்பக்கம் திருகினால் நேர்மாறு. இது எல்லா அதிர்வெண்ணுக்கும் நடந்துவிட்டால் அது வெறும் வால்யூம் குமிழ். நடக்காமல் தடுப்பது கெபாசிட்டர்கள். பேஸ் குமிழின் குறுக்கே இருக்கும் கெபாசிட்டர் உயர்ந்த அதிர்வெண்களுக்குச் சந்துவழி திறந்துவிடுகிறது. குமிழ் எங்கே நின்றாலும் அவற்றுக்குக் கவலையில்லை. ட்ரெபிள் பக்கத்துக் கெபாசிட்டர் தாழ்ந்த அதிர்வெண்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. விளைவாக 1000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலி அசையாமல் நிற்க, 100 ஹெர்ட்ஸிலும் 10,000 ஹெர்ட்ஸிலும் சுமார் 10, 12 டெசிபல் வரை ஏற்றவோ இறக்கவோ முடிகிறது. வால்வு காலத்தில் எழுதப்பட்ட இந்த யோசனை 4558 என்ற எட்டுக்கால் ஐ.சி.யில் ஏறி, கடையில் ‘பேஸ் ட்ரெபிள் போர்டு’ என்று தனியாகக் கேட்டு வாங்கும் பொருளாக இன்றும் விற்கிறது. தொழில்நுட்ப இதழில் வந்த ஒரு கட்டுரை இவ்வளவு தூரம், இவ்வளவு மலிவாக இறங்கி வந்தது அபூர்வம்.

அந்த 10 டெசிபலுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. 10 டெசிபல் என்றால் பத்து மடங்கு மின்திறன். ஒரு வாட்டில் ஓடிக்கொண்டிருந்த பேஸ் இப்போது பத்து வாட் கேட்கும். தமிழ்நாட்டு அசெம்பிள் செட்களின் செல்லப் பிள்ளையான எல்.ஏ. 4440 ஐ.சி. ஸ்டீரியோவாக ஓடும்போது பக்கத்துக்கு 6 வாட்தான் தரும். 1990களில் டேப் ரெக்கார்டர் அட்டைப்பெட்டியில் பி.எம்.பி.ஓ. என்று நூற்றுக்கணக்கில் அச்சடித்த வாட் எல்லாம் விற்பனைக் கணக்கு; பவர் சப்ளைக்கு அந்தக் கணக்கு தெரியாது. இருக்கிற மின்னழுத்தம் தீர்ந்ததும் அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகிறது. வெட்டுப்பட்ட அலையிலிருந்து மூலப்பாட்டில் இல்லாத உயர்ந்த அதிர்வெண்கள் கிளம்பி ட்வீட்டருக்குப் போகின்றன. பேஸைத் திருகியவருக்கு ட்ரெபிள் ஸ்பீக்கர் எரிந்துபோன காரணம் கடைசிவரை புரியாது. ‘முழு பேஸ், முழு ட்ரெபிள்’ வைத்து ஓடும் செட்டில் கேட்கும் பொரிச்சலுக்குக் குமிழைக் குற்றம் சொல்ல முடியாது. ஆம்ப்ளிஃபயரிடம் இல்லாததைக் கேட்டதன் விளைவு அது. இந்தக் காரணத்தாலேயே, பேஸ் போதவில்லை என்று தோன்றும்போது ட்ரெபிளைக் கொஞ்சம் இறக்கிப் பார்ப்பது நல்லது. இறக்குவதற்கு வாட் செலவாகாது.

குமிழை வெறுப்பவர்களின் புகார்களில் உண்மையும் உண்டு. இரண்டு சேனலுக்கும் சேர்த்து ஒரே தண்டில் பூட்டிய மலிவான கார்பன் பொட்டென்ஷியோமீட்டரில் இடமும் வலமும் ஒரே அளவில் திரும்புவதில்லை. பாடகர் குரல் நடுவிலிருந்து ஒருபக்கம் நகர்ந்துவிடும். கார்பன் தடத்தில் தூசி படிந்தால் திருகும்போதெல்லாம் கரகர. இதைத் திருப்பூரில் விளக்க வேண்டியதில்லை. பஞ்சுத் தூசி புகாத இடம் ஏது? கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பத்துமுறை முன்னும் பின்னும் திருகினால் கொஞ்ச நாளைக்குச் சரியாகும். இந்தக் காரணங்களைச் சொல்லித்தான் பிரிட்டனின் நெயிம் போன்ற கம்பெனிகள் 1970களிலேயே டோன் கன்ட்ரோலை அறவே கைவிட்டன. அதே நாட்டின் குவாட் வேறு வழியில் போனது. 1982இல் வந்த குவாட் 34இல் மொத்த ஒலியையும் நடுவில் பிடித்து ஒருபக்கம் லேசாகச் சாய்க்கும் ‘டில்ட்’ என்ற திருகு இருந்தது. சின்னச் சின்னப் படிகள், அவ்வளவே. கரகரக்கும் பழைய பாட்டுக்கு அதைப்போல் இதமான மருந்து குறைவு.

இன்னொரு புகார் ‘ஃபேஸ்’ பற்றியது. குமிழைத் திருகினால் அலைகளின் நேரக்கணக்கு பிசகிவிடும் என்பார்கள். பிசகுவது உண்மை. ஆனால் ஸ்பீக்கரில் இயல்பாக இருக்கும் பரந்த ஏற்ற இறக்கங்களும் அதே மாதிரியான பிசகோடுதான் வருகின்றன. சரிந்திருக்கும் ஒலியைச் சரியான எதிர்வளைவால் நிமிர்த்தினால், பெரும்பாலும் ஃபேஸும் கூடவே நிமிர்ந்துவிடும். எனவே இது குமிழுக்கு எதிரான சாட்சியாக நிற்காது.

சரி, கூடாமல் குறையாமல் கேட்க வேண்டிய அந்த ‘அசல்’ எங்கே இருக்கிறது? இசைத்தட்டை எடுத்துக்கொள்வோம். எல்.பி. தட்டில் பேஸை உள்ளபடி வெட்டினால் பள்ளம் பக்கத்துப் பள்ளத்தில் போய் இடிக்கும். அதனால் வெட்டும்போதே பேஸைக் குறைத்து ட்ரெபிளைக் கூட்டிவிடுகிறார்கள். கேட்கும்போது ஃபோனோ சுற்று அதைத் திருப்பிப் போடுகிறது. ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு என்று 1954இல் அமெரிக்காவில் நிலைபெற்ற இந்த ஏற்பாட்டில் 20 ஹெர்ட்ஸில் சுமார் 20 டெசிபல் குறைப்பு, 20,000 ஹெர்ட்ஸில் அதே அளவு கூட்டல். எந்தக் குமிழும் தராத அளவு வளைவு அது. அதற்கு முன்னால் கம்பெனிக்கு ஒரு வளைவு. 78 சுற்றுத் தட்டுகளுக்கும் தொடக்ககால எல்.பி.களுக்கும் ஏற்றபடி மாற்றிக்கொள்ள 1950களின் ப்ரீ-ஆம்ப்ளிஃபயர்களில் தனித் திருகே இருந்தது.

திரைப்பட ஒலியிலும் அப்படித்தான். ஃபிலிமின் ஓரத்தில் ஒளியாகப் பதிந்த ஒலித்தடத்தில் இரைச்சல் அதிகம். அதை அடக்க, 1938இல் ஹாலிவுட்டில் வகுத்த ‘அகாடமி வளைவு’ப்படி தியேட்டர்கள் உயர்ந்த அதிர்வெண்களை வேண்டுமென்றே வெட்டின, 8000 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 18 டெசிபல். தியேட்டரில் வெட்டப்படும் என்று தெரிந்து ஒலி கலந்தவர்கள் குரலையும் வசனத்தையும் கூர்மையாக்கி அனுப்பினார்கள். அப்படிப்பட்ட தடத்தை வளைவு இல்லாத ‘ஃப்ளாட்’ கருவியில் போட்டால் கீச்சென்றுதான் கேட்கும். ஃப்ளாட்டாகக் கேட்பது அங்கே அசலுக்குத் துரோகம். ட்ரெபிளை இறக்குவதுதான் விசுவாசம். மாறாக, 1992இல் ‘ரோஜா’வுக்குப் பிறகு வந்த பாட்டுகளில் அடிப்பகுதியில் கிடக்கும் பேஸ் வேறு ரகம். ஒரே இரவில் 1950களின் பாட்டையும் 1990களின் பாட்டையும் அடுத்தடுத்துப் போடுகிற வீட்டில், ஒரே அமைப்பில் குமிழைப் பூட்டிவைப்பதில் என்ன தர்மம் இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

டிஜிட்டலில் வளைவு எதுவும் இல்லையே என்பீர்கள். இல்லைதான். ஆனால் அந்தப் பாட்டைக் கலந்தவர் எந்த ஸ்பீக்கரில், எந்த அறையில் கேட்டு முடிவு செய்தார்? திருப்பூரில் எந்தச் சாயப்பட்டறையும் நிறத்தை வெறும் ட்யூப்லைட்டில் பார்த்து முடிவு செய்வதில்லை. உட்சுவரில் சாம்பல் நிறம் அடித்த ‘லைட் பாக்ஸ்’ஸுக்குள் துணியை வைத்து, பகல் வெளிச்சத்துக்கு நிகரான டி65 விளக்கில் ஒருமுறை, கடை வெளிச்சத்துக்கான டி.எல்.84 விளக்கில் ஒருமுறை பார்க்கிறார்கள். ஐரோப்பாவில் இருக்கும் பையரும் அதே விளக்கில் பார்க்கிறார். ஷேடு ஓகேவா இல்லையா என்ற சண்டைக்கு அதனால் ஒரு முடிவு உண்டு. ஒலியில் அப்படிப் பொதுவாக ஒப்புக்கொண்ட பெட்டி இல்லை. யமஹா 1978இல் வீட்டு உபயோகத்துக்கு என்று விற்ற என்.எஸ்.10 ஸ்பீக்கர், நடுப்பகுதி துருத்தலும் பேஸ் பஞ்சமுமாக, உலகெங்கும் ஸ்டூடியோ மேசைகளில் ஏறி உட்கார்ந்தது. ட்வீட்டரின் உறைப்பைத் தாங்காமல் அதன்மேல் டிஷ்யூ காகிதம் ஒட்டிக்கொண்டார்கள். ஃபின்லாந்தின் ஜெனலெக் நிறுவனத்தார் நூற்றுக்கும் மேற்பட்ட ஸ்டூடியோ அறைகளில் அளந்து 2001இல் வெளியிட்ட முடிவுகளில், தாழ்ந்த அதிர்வெண்களில் அறைக்கு அறை பெருத்த வேறுபாடு தெரிந்தது. பேஸ் தூக்கலான அறையில் கலந்தவர் பேஸைக் குறைத்து அனுப்புவார். வறண்ட அறையில் கலந்தவர் கூட்டி அனுப்புவார். உங்கள் வீட்டுக்கு இரண்டும் வந்து சேரும்.

இந்தக் குழப்பத்தைப் பற்றித் தொடர்ந்து எழுதியவர் ஃபிளாய்ட் டூல். கனடாவின் ஒட்டாவாவில் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் இருந்தபோது, எந்த ஸ்பீக்கர் ஒலிக்கிறது என்று தெரியாதபடி திரைக்குப் பின்னால் வைத்து மனிதர்களைக் கேட்கச் சொல்லி மதிப்பெண் போடவைத்தார். 1985, 1986இல் வெளியான அந்த முடிவுகள் நடுநிலைக் கட்சிக்குப் பலமான ஆதாரம். பெயரும் விலையும் மறைந்துவிட்டால், நேரே வரும் ஒலி ஃப்ளாட்டாகவும் பக்கவாட்டில் சிதறும் ஒலி சீராகவும் இருக்கிற ஸ்பீக்கர்களுக்கே பெரும்பாலோர் உயர்ந்த மதிப்பெண் கொடுத்தார்கள். பின்னாளில் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் கேட்பவர்களிடமே பேஸ், ட்ரெபிள் குமிழைக் கொடுத்துப் பிடித்தபடி வைக்கச் சொன்னபோதுதான் மறுபாதி தெரிந்தது. அறையில் அளந்தால் பேஸ் கொஞ்சம் உயர்ந்து ட்ரெபிள் பக்கம் மெல்ல இறங்கும் சரிவையே அவர்கள் விரும்பினார்கள். அந்தச் சரிவின் அளவு ஆளுக்கு ஆள், வயதுக்கு வயது, பாட்டுக்குப் பாட்டு மாறியது. ஆக, நல்ல ஸ்பீக்கர் எது என்பதில் மனிதர்கள் ஒத்துப்போகிறார்கள், எவ்வளவு பேஸ் என்பதில் ஒத்துப்போவதில்லை. முதலாவது கம்பெனியின் வேலை. இரண்டாவதற்குத்தான் குமிழ்.

அந்தத் திரையைப் பற்றி இடையில் ஒரு வார்த்தை. கண்ணை மறைத்துக் காதை மறைக்காத துணி வேண்டும். ஸ்பீக்கர் முகப்புத் துணிக்கும் அதே இலக்கணம்தான். அடர்த்தியாக நெய்த துணியைவிடக் கண்ணிகளால் பின்னிய துணி இதற்குத் தோது. மெஷ் போன்ற திறந்த பின்னல் இன்னும் நல்லது. வாயருகே பிடித்து ஊதிப் பாருங்கள். காற்று சிரமமில்லாமல் அந்தப்பக்கம் போனால் ஒலியும் போகும். எடை (ஜி.எஸ்.எம்.) கூடின இன்டர்லாக் துணியைப் போட்டு மூடினால் மெல்லிய ட்ரெபிள் அங்கேயே தங்கிவிடும்.

இனி காது. ஸ்பீக்கர் ஃப்ளாட், பதிவு ஃப்ளாட் என்றே வைத்துக்கொண்டாலும் காது ஃப்ளாட் இல்லை. பெல் ஆய்வுக்கூடத்தின் ஹார்வி ஃபிளெச்சரும் வில்டன் மன்சனும் 1933இல் இதை வரைபடமாகவே போட்டுக் காட்டினார்கள். சத்தம் குறையக் குறைய, மனிதக் காது பேஸை மற்றவற்றைவிட வேகமாக இழக்கிறது. இப்போது புழங்கும் சர்வதேசத் தர வரைபடத்தை வைத்துக் கணக்கிட்டால், 80 டெசிபலில் கலந்த பாட்டை 60 டெசிபலில் கேட்கும்போது 50 ஹெர்ட்ஸ் பகுதி சுமார் 8 டெசிபல் பஞ்சப்பட்டதுபோல் இருக்கும். ஸ்டூடியோவில் உரக்கக் கேட்டுச் சமன் செய்த பாட்டு, குழந்தை தூங்குகிற வீட்டில் சன்னமாக வைக்கும்போது எலும்பும் தோலுமாகிப் போவது இதனால்தான். பழைய செட்களில் இருந்த ‘லவுட்னஸ்’ பொத்தான் இதற்காக வைத்தது. அதன் குறை, ஸ்பீக்கர் எவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்று அதற்குத் தெரியாது; வால்யூமை ஏற்றிய பிறகும் அழுத்தியபடியே விட்டுவிட்டால் வீடு அதிரும். சன்னமாகக் கேட்கையில் பேஸ் குமிழை நடுவிலிருந்து கொஞ்சம் வலப்பக்கம் வைப்பவர் எந்தப் பாவமும் செய்யவில்லை. கலந்தவர் கேட்ட சமநிலைக்கு அருகில் போகிறார்.

திருப்பூர் வட்டாரத்துக் காதுக்கு இன்னொரு கதை உண்டு. பல்லடம், மங்கலம், சோமனூர்ப் பக்கம் விசைத்தறிக் கூடங்களுக்குள் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். ஆண்டுக்கணக்கில் அந்தச் சத்தத்தில் நிற்கிற காது முதலில் இழப்பது 4000 ஹெர்ட்ஸைச் சுற்றிய பகுதியை. பாட்டில் ச, ஸ, ஷ போன்ற எழுத்துகளின் விளிம்பும், தாளக் கருவிகளின் கூர்மையும் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஒருவர் வீட்டில் ட்ரெபிளைக் கூட்டி வைத்தால் ரசனைக் குறை என்று சிரிக்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அது முழு நிவாரணமும் இல்லை. ட்ரெபிள் குமிழ் 10,000 ஹெர்ட்ஸில் காட்டும் வேகத்தை 4000இல் காட்டாது. சேதமான காதுக்கு மெல்லிய ஒலி கேட்காது. கொஞ்சம் ஏற்றியதும் அதே ஒலி திடீரென்று குத்தும். இடைப்பட்ட இடம் மிகச் சிறியது. ஷிஃப்ட் முடிந்து வந்த மாலையில் காது தற்காலிகமாக மந்தப்பட்டிருக்கும், அப்போது வைத்த குமிழ் மறுநாள் காலையில் காதைக் கிழிக்கும். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபல்தான் எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். தறியோரம் நிற்பவருக்கு அந்தக் கணக்கு வேலை நேரத்திலேயே தீர்ந்துவிடுகிறது. வீட்டில் வால்யூமை ஏற்றாமல் டோனைத் திருத்திக்கொள்வதுதான் அவருக்குப் பாதுகாப்பான வழி. காதுக்குச் செருகி மாட்டிக்கொள்வதும், ஆடியோகிராம் எடுத்துப் பார்ப்பதும் அதைவிட முக்கியம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய டோன் கன்ட்ரோல் அறைதான். பன்னிரண்டுக்குப் பத்தடி அறை, பத்தடி உயரம், பூசிய சுவர், டைல்ஸ் தரை, கான்கிரீட் மேற்கூரை. திருப்பூரில் புதிதாகக் கட்டும் வீடுகளில் இப்படி ஒன்றாவது இருக்கும். ஏறக்குறைய 34 கன மீட்டர் காற்று, 63 சதுர மீட்டர் பரப்பு. அந்தப் பரப்பு தன்மேல் விழும் ஒலியில் நூற்றில் மூன்று பங்கை மட்டும் விழுங்குகிறது என்று கொண்டால், வெறும் அறையில் ஒரு கைதட்டல் அடங்க மூன்று விநாடி ஆகும். கல்யாண மண்டபத்துக்குச் சமம். சாமான் வந்து, மெத்தை விரித்து, நாலு பேர் உட்கார்ந்ததும் அது ஒரு விநாடிக்குள் வந்துவிடும். இந்தக் கணக்கைக் கண்டுபிடித்த ஹார்வர்டு பல்கலைக்கழக ஆசிரியர் வாலஸ் சபைன், எதிரொலியால் பேச்சே புரியாத ஒரு விரிவுரை மண்டபத்தைச் சரிசெய்ய 1895இல் இறங்கினார். பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவுகளில் சுமந்து வந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு எதிரொலி குறைகிறது என்று அளந்தார். கட்டட ஒலியியல் என்ற துறையின் முதல் அலகே மெத்தைதான் என்று சொல்லலாம்.

பஞ்சுக்கும் துணிக்கும் திருப்பூரில் குறைவில்லை. பிசிறு வெட்ட வீட்டுக்கு எடுத்துவந்த பனியன் கட்டுகள் மூலையில் குவிந்திருக்கும் அறையில் பாட்டு அடங்கி ஒலிப்பதைப் பலர் கவனித்திருப்பார்கள். துணியின் நுண்துளைகளுக்குள் காற்று முன்னும் பின்னும் உரசி, ஒலி வெப்பமாகிறது. ஆனால் துணி எல்லா ஒலியையும் ஒரே மாதிரி விழுங்குவதில்லை. கனமான பருத்தித் திரை உயர்ந்த அதிர்வெண்களில் பாதிக்கு மேல் விழுங்கும். பேஸுக்கு அது இருப்பதே தெரியாது. 56 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஆறு மீட்டர். அதை முழுதாகப் பிடிக்க அலைநீளத்தில் கால்பங்கு, அதாவது ஐந்தடி தடிமன் வேண்டும். திரை போட்டதும் அறை ‘மொத்’தென்று ஆகிவிட்டது என்று சொல்பவர்களின் அனுபவம் இதுதான்: ட்ரெபிள் போய்விட்டது, பேஸ் அப்படியே நிற்கிறது. இங்கே ட்ரெபிளைத் தூக்குவதைவிட பேஸை இரண்டு டெசிபல் இறக்குவது உத்தமம். சுவரோரம் வேஸ்ட் பஞ்சு மூட்டையை அடுக்கி வைக்க ஆசைப்படுபவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். அது தீப்பற்றும் சரக்கு. சூடாகும் ஆம்ப்ளிஃபயருக்கும் பழைய வயரிங்குக்கும் அருகில் வேண்டாம்.

குமிழால் தீராத நோயும் அறையில்தான் இருக்கிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே சில அலைகள் அச்சாகப் பொருந்தி ஊஞ்சல்போல் வலுப்பெறும். பன்னிரண்டடிக்கு அது 47 ஹெர்ட்ஸ், பத்தடிக்கு 56. நம் அறையில் அகலமும் பத்தடி, உயரமும் பத்தடி. இரண்டும் ஒரே 56 ஹெர்ட்ஸில் சேர்ந்து இரட்டிப்பாகும். பேஸ் கிட்டாரின் ‘ஏ’ கம்பியைச் சும்மா மீட்டினால் 55 ஹெர்ட்ஸ். இளையராஜா பாடல்களில் பேஸ் கிட்டார் மெட்டுக்குக் கீழே இன்னொரு மெட்டாக நடந்துபோகும். இந்த அறையில் அந்த நடையில் ஒரே ஒரு ஸ்வரம் மட்டும் ‘தொம்’மென்று பூதாகாரமாக எழும், அடுத்தது காணாமல் போகும். பேஸ் குமிழை இறக்கினால் பூதத்தோடு நல்ல ஸ்வரங்களும் சேர்ந்து இறங்கும். குமிழ் மேய்ப்பது மந்தையை, தனி ஆட்டை அதால் பிடிக்க முடியாது. அதற்கு ‘பாராமெட்ரிக் ஈக்வலைசர்’ வேண்டும். அளக்கும் மைக் ஒன்றும் ‘ரூம் ஈ.க்யூ. விஸார்ட்’ என்ற இலவச மென்பொருளும் இருந்தால் 56ஐ மட்டும் குறிபார்த்து ஆறு டெசிபல் இறக்கலாம். மேட்டை வெட்டலாம், பள்ளத்தை நிரப்ப முயல வேண்டாம். அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இடத்தில் எத்தனை வாட் கொட்டினாலும் பள்ளம் பள்ளமாகவே இருக்கும்.

காசில்லாமல் செய்யக்கூடியது நாற்காலியை நகர்த்துவது. சுவரை ஒட்டி உட்கார்ந்தால் அந்த 47 ஹெர்ட்ஸ் உச்சத்தில் இருக்கும். அறையின் நட்டநடுவில் கிட்டத்தட்ட இல்லாமலே போகும். சுவரிலிருந்து மூன்றில் ஒரு பங்கு, நம் அறைக்கு நாலடி, பரவாயில்லாத சமரசம். ஸ்பீக்கருக்கும் இதே விதி. அட்டாலிமேல் மூலையில் திணித்த ஸ்பீக்கருக்கு இரண்டு சுவரும் கூரையும் சேர்ந்து பேஸை ஊதிப் பெருக்கும். அதைக் கீழே இறக்கி ஸ்டூல்மேல் காது உயரத்தில் வைத்துவிட்டுப் பிறகு குமிழைத் தொடுங்கள். பலருக்குத் தொடவே வேண்டியிருக்காது.

லைன் வீட்டில் இருப்பவருக்குச் சிக்கல் இன்னொன்று. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபல்தான் எல்லை. சன்னமாக வைத்தால் காது கூடுதல் பேஸ் வேண்டும் என்கிறது; கூட்டினால் பொதுச்சுவர் தாண்டுவதும் அந்த பேஸ்தான். நாலரை அங்குலச் சுவர் குரலையும் ட்ரெபிளையும் ஓரளவு தடுத்துவிடும். 60 ஹெர்ட்ஸைத் தடுக்க அதற்கு எடை போதாது. பக்கத்து வீட்டுக்காரர் பாட்டைக் கேட்க மாட்டார், இடியை மட்டும் கேட்பார். இதற்கு ஒரு வழி, சின்ன ஸ்பீக்கர் இரண்டைப் பொதுச்சுவரிலிருந்து விலக்கி மேசைமேல் வைத்து, இரண்டரை அடி தூரத்தில் உட்கார்வது. ஐந்தடியில் கேட்டதைவிட நேரொலி 6 டெசிபல் கூடுதலாகக் காதுக்கு வரும். வால்யூமை அந்த அளவுக்கு இறக்கிக்கொண்டு, பேஸ் குமிழை நடுவுக்கு மேல் ஒரு கோடு ஏற்றலாம். சுவருக்குப் போகும் மொத்தம் முன்பைவிடக் குறைவாகவே இருக்கும்.